அட்டிபெலேவுக்கு அப்பால் ஓர் அரசு வழக்கறிஞர்

(ஓசூரில் சட்ட மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓசூர்க்காரருக்குக் கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்றத்தைவிடப் பெங்களூரின் பரப்பன அக்ரஹாரச் சிறை பக்கம். கிருஷ்ணகிரிக்குச் சூளகிரி வழியாக ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டும். வடக்கே ஜுஜுவாடி, அட்டிபெலே, சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி என்று பெங்களூர் பஸ்ஸில் போனால் ஏறக்குறைய அதில் பாதித் தூரத்தில் அந்தச் சிறை வளாகம் வந்துவிடும். 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. அந்த வளாகத்தில் தற்காலிகமாக அமைத்த நீதிமன்றத்தில் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா தீர்ப்பு வாசித்தார். தமிழ்நாட்டின் பதவியிலிருந்த முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டுச் சிறை, நூறு கோடி ரூபாய் அபராதம். பஸ் போக்குவரத்து எல்லையில் நின்றுபோனது. எல்லையில் போலீஸ் குவிந்திருந்தது, கொடிகளோடு வந்தவர்களை மறித்தது. இவையெல்லாம் உங்களில் பலர் கண்ணால் பார்த்தவை.

தமிழ்நாட்டு முதல்வர்மீது தமிழ்நாட்டு லஞ்ச ஒழிப்புத் துறை போட்ட வழக்கு. சாட்சிகளில் பெரும்பாலோர் தமிழர்கள், ஆவணங்களில் பெரும்பகுதி தமிழ். அது ஏன் அட்டிபெலே தாண்டிப் போனது? அவர் ஆட்சியில் இருக்கும்போது அவர் மாநிலத்திலேயே விசாரித்தால் நியாயம் கிடைக்காது என்பதால்தான் என்று டீக்கடையில்கூடச் சொல்லிவிடுவார்கள். தவறில்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் பொதுவாகச் சந்தேகப்பட்டு அந்த முடிவுக்கு வரவில்லை. அது விரல் நீட்டிக் காட்டியது ஒரே ஒரு நாற்காலியை: அரசு வழக்கறிஞரின் நாற்காலி.

நடந்தது இதுதான். 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை வருமானத்துக்கு மீறி 66 கோடி ரூபாய்க்கு மேல் சொத்து சேர்த்ததாகக் குற்றச்சாட்டு. சுப்பிரமணியன் சுவாமி 1996-இல் புகார் கொடுத்தார், 1997-இல் குற்றப்பத்திரிகை தாக்கலாகிச் சென்னையில் விசாரணை தொடங்கியது. சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டேறினார்கள். 2001 மே மாதம் ஆட்சி மீண்டும் ஜெயலலிதாவிடம் வந்தது. அதன் பிறகு, ஏற்கெனவே சாட்சியம் சொல்லி முடித்தவர்களில் 76 பேரைக் குறுக்கு விசாரணைக்காக மீண்டும் அழைத்தார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள்.

சாட்சி பல்டி அடிப்பது நம் நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. அப்படி நடந்தால் அரசு வழக்கறிஞர் என்ன செய்ய வேண்டும் என்பது முதலாண்டு ஜூனியருக்கும் தெரியும். எழுந்து நின்று, இவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டு, தானே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இங்கே அது நடக்கவில்லை. திரும்ப அழைப்பதற்கே எதிர்ப்புச் சொல்லியிருக்கலாம், அதுவும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் வந்து நீதிபதியின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டத்தில் அவருக்கு விலக்குக் கேட்கப்பட்டபோதும் ஆட்சேபம் இல்லை. திமுக பொதுச் செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பர் 18 அன்று நீதிபதிகள் எஸ்.என். வரியவா, எச்.கே. சேமா அமர்வு வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. அந்த உத்தரவிலேயே இன்னொரு வரியும் இருந்தது. குற்ற வழக்குகளில் அனுபவமுள்ள மூத்த வழக்கறிஞர் ஒருவரை, கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்து, கர்நாடக அரசு நியமிக்க வேண்டும் என்பது அது. ஒருவர் பேசாமல் இருந்ததற்காக ஒரு வழக்கே மாநிலம் விட்டு மாநிலம் போனது. அரசு வழக்கறிஞர் என்ற பதவியின் எடை என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

அந்த எடையைச் சுமக்க வந்தவர் பி.வி. ஆச்சார்யா. உடுப்பிப் பக்கத்துக்காரர், கர்நாடகத்தின் அட்வகேட் ஜெனரலாக ஐந்து முறை இருந்தவர். 2005 பிப்ரவரியில் சிறப்பு அரசு வழக்கறிஞர் ஆனார். தமிழ் ஆவணங்கள் மூட்டை மூட்டையாக ஆங்கிலத்துக்கு மாற வேண்டியிருந்தது. அரசுத் தரப்பில் 259 சாட்சிகள், 2,300-க்கும் மேற்பட்ட ஆவணங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மனு, ஒவ்வொரு மனுவுக்கும் உயர் நீதிமன்றம், பிறகு உச்ச நீதிமன்றம். ஜெயலலிதா நேரில் வந்து 1,339 கேள்விகளுக்குப் பதில் சொன்னது 2011 அக்டோபரிலும் நவம்பரிலும்தான். அதற்குள் அவர் மீண்டும் முதல்வராகிவிட்டிருந்தார்.

அதே 2011-இல் கர்நாடகத்தின் பாஜக அரசு ஆச்சார்யாவை மறுபடியும் அட்வகேட் ஜெனரல் ஆக்கியது. இரண்டு நாற்காலியிலும் ஒருவரே உட்காரலாமா என்று கேள்வி எழுந்தது. மாநிலத்தின் மிக உயர்ந்த சட்டப் பதவி ஒரு பக்கம், பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த, யாருக்கும் நன்றி சொல்ல மனமில்லாத ஒரு வழக்கு மறு பக்கம். 2012 பிப்ரவரியில் அவர் அட்வகேட் ஜெனரல் பதவியை விட்டார், வழக்கை வைத்துக்கொண்டார். தொழில் ஏணியில் இது மேலேறும் படியா, இறங்கும் படியா? ஊர் வழக்கப்படி பார்த்தால் இறங்கும் படிதான். ஆனால் அவர் பெயர் தமிழ்நாட்டில் இன்று தெரிவதற்குக் காரணம் அந்த முடிவு. நெருக்கடி பல பக்கமிருந்தும் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் அந்தப் பொறுப்பையும் உதறினார். தனக்கு வந்த அழுத்தங்களைப் பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்று நூலிலும் எழுதினார்.

இத்தனை பேருக்குத் தெரியும் வழக்குகளில் வாதாடுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள். மற்றவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், எங்கே போகிறார்கள்? ஓசூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் காலை பத்தரை மணிக்குப் போய் உட்கார்ந்தால் கண்முன்னே தெரியும். கட்டுக் கட்டாகக் கோப்புகளோடு ஓர் உதவி அரசு வழக்கறிஞர், நம் பேச்சில் ஏ.பி.பி. தேசிய நெடுஞ்சாலை விபத்து, எல்லை தாண்டி வந்த கர்நாடக மது பாக்கெட், குட்கா மூட்டை, எல்லை தாண்டிப் போகப் பார்த்த ரேஷன் அரிசி, சிப்காட் கம்பெனி வாசலில் அடிதடி, ஒரு குடும்பச் சண்டை. சாட்சி சொல்ல வருபவர் தெலுங்கு பேசுவார், கன்னடம் பேசுவார், உருது பேசுவார். 1970-களில் சிப்காட் வந்து, பின்னாலேயே லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வந்த பிறகு ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்களும் கூண்டேறுகிறார்கள். பாதி நாள் மொழிபெயர்ப்பிலேயே போகும். புலன்விசாரணை அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார். சம்மன் சார்வு ஆகாமல் திரும்பியிருக்கும். சாட்சியாகிய தொழிலாளி ஒப்பந்தம் முடிந்து சொந்த ஊர் போயிருப்பார். இத்தனைக்கும் நடுவில், குற்றப்பத்திரிகையில் உள்ள ஓட்டையை நீதிபதி கண்டுபிடிக்கும் முன் தான் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.

அந்த நாற்காலிக்கு வரும் வழி தேர்வு. சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிந்து, குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து ஆண்டு பழக்கம் உள்ளவர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகம் என்று வைத்து எடுக்கிறது. அரசு ஊழியர், மாதச் சம்பளம், பதவி உயர்வு, ஓய்வு வயது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வருவதற்கு முன் கீழ்நிலை நீதிமன்றங்களில் போலீஸ் அதிகாரிகளே அரசுத் தரப்பை நடத்தினார்கள். பிடித்தவரே வாதாடவும் செய்தார். அந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதைத் தடுத்தது. தடுத்த பிறகும் பல மாநிலங்களில் இந்த வழக்கறிஞர்கள் போலீஸ் துறையின் கீழேயே இருந்தார்கள். 1995-இல் எஸ்.பி. ஷஹானே வழக்கில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்குத் தனித் துறை அமைக்கச் சொன்ன பிறகுதான் நிலை தெளிவானது.

ஒரு மாடி மேலே, செஷன்ஸ் கோர்ட்டில், வழி முற்றிலும் வேறு. மாவட்ட அரசு வழக்கறிஞர் தேர்வு எழுதி வருபவரல்ல. ஏழு ஆண்டு வழக்கறிஞர் தொழில் செய்திருந்தால் போதும். மாவட்ட ஆட்சியர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து பெயர்ப் பட்டியல் தயாரிக்க, அரசு அதிலிருந்து நியமிக்கும். சட்டம் சொல்வது இவ்வளவு. சட்டத்தில் எழுதாத தகுதி எது என்று அவையோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்சி மாறினால் மாவட்டத்துக்கு மாவட்டம் அரசு வழக்கறிஞர் மாறுவது தமிழ்நாட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போல் ஆகிவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், 1990-இல் ஒரே சுற்றறிக்கையில் மாநிலம் முழுவதும் இருந்த அரசு வழக்கறிஞர்கள் எல்லோரையும் நீக்கினார்கள். ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இது அரசு தன் விருப்பப்படி வக்கீலை மாற்றிக்கொள்ளும் தனிப்பட்ட விவகாரமல்ல, பொது நலன் கலந்த பதவி என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. வெள்ளையடிப்பு நிற்கவில்லை.

இதை எல்லாம் கட்சிக்காரர் வேலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆர். சண்முகசுந்தரத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 மே 30 அன்று சென்னையில் அவர் வீட்டுக்குள் புகுந்த கும்பல் அவரைக் கொடூரமாக வெட்டியது. அரசு நிறுவனமான டான்சியின் நில விவகாரத்தில் ஜெயலலிதாமீது வழக்குத் தொடுப்பதற்கான வேலையில் அவர் இருந்த நேரம் அது. உயிர் தப்பினார். 1996-இல் ஆட்சி மாறியதும் மாநிலத்தின் தலைமைக் குற்றவியல் அரசு வழக்கறிஞர் ஆனார். பிறகு திமுக சார்பில் மாநிலங்களவை உறுப்பினர். 2021-இல் தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரல், 2024 ஜனவரி வரை. கட்சித் தொடர்பு இல்லாமல் இந்தப் பயணம் நடந்திருக்காது. உடம்பில் வாங்கிய வெட்டை மறந்துவிட்டு அதை வெறும் கட்சிச் சலுகை என்று சொல்வதும் நேர்மையாகாது. இந்தப் பதவியின் இரு பக்கமும் ஒரே ஆளிடம் தெரிகிறது.

மூன்றாவது வழி சிறப்பு அரசு வழக்கறிஞர். பத்தாண்டு அனுபவம், ஒரு குறிப்பிட்ட வழக்கு அல்லது வழக்குத் தொகுதி, நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம். புகழும் பழியும் இங்கேதான். மும்பையின் உஜ்வல் நிகம் இந்த வழியிலேயே நாடறிந்தவர் ஆகி, 2025-இல் மாநிலங்களவை வரை போனார். இடையில், மும்பைத் தாக்குதல் கைதி அஜ்மல் கசாப் சிறையில் பிரியாணி கேட்டதாகத் தான் சொன்னது உண்மையல்ல என்று தானே ஒப்புக்கொண்டார். மைக் முன்னால் நிற்கும் அரசு வழக்கறிஞரைப் பற்றி அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

அரசு வழக்கறிஞரின் கையில் உள்ள மிகக் கூரான ஆயுதம் வழக்கை நடத்துவதல்ல, வழக்கைத் திரும்பப் பெறுவது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 321-ஆம் பிரிவு. நம் பக்கத்துக் காட்டிலிருந்தே அதற்குப் பாடம் வந்தது. 2000 ஜூலை 30 இரவு தாளவாடி அருகே காஜனூர்ப் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். அவன் கேட்டவற்றில் ஒன்று, மைசூர்ச் சிறையில் தடா வழக்கில் இருந்த 51 பேரின் விடுதலை. இரண்டு மாநில அரசுகளும் இறங்கி வந்தன. மைசூர்த் தனி நீதிமன்றத்தில் சிறப்பு அரசு வழக்கறிஞர் தடா குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற மனு போட்டார். நீதிமன்றமும் அனுமதித்தது.

எதிர்த்து நின்றவர் அப்துல் கரீம் என்ற முதியவர். அவர் மகன், சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமது, 1992 ஆகஸ்டில் வீரப்பன் கும்பலின் பதுங்கித் தாக்குதலில் கொல்லப்பட்டவர். நாடே ராஜ்குமாருக்காகக் காத்திருந்த நேரத்தில் அவர் உச்ச நீதிமன்றப் படியேறினார். 2000 நவம்பர் 7 அன்று நீதிபதி எஸ்.பி. பரூச்சா தலைமையிலான அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. அரசு முடிவெடுக்கலாம், ஆனால் மனுவில் கையெழுத்துப் போடும் வழக்கறிஞர் ஆதாரங்களைத் தானே பார்த்து, தன் அறிவைச் செலுத்தி, பொது நலன் இதில் இருக்கிறது என்று தனக்குத் தெளிவான பிறகே போட வேண்டும் என்பது அதன் அடிப்படை. அரசு சொன்னது, செய்தேன் என்பது பதிலாகாது. எட்டு நாள் கழித்து ராஜ்குமார் வேறு வழியில் விடுதலையானார். கடத்தல் வழக்கோ 2018 செப்டம்பரில் கோபிசெட்டிபாளையம் நீதிமன்றத்தில் விசாரணையை எதிர்கொண்ட ஒன்பது பேரும் விடுதலையானதில் முடிந்தது. ராஜ்குமார் குடும்பத்தினர் சாட்சி சொல்லக்கூட வரவில்லை. காட்டின் ஒரு பக்கத்தில் உச்ச நீதிமன்றமே காப்பாற்றிய வழக்கு, மறு பக்கத்தில் சாட்சியில்லாமல் கரைந்த வழக்கு.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம் என்பதல்ல பிரச்சினை. சட்டம் ஒன்றுதான். நடத்துபவர்தான் வேறு. 2023 அக்டோபர் 7 அன்று அட்டிபெலே பட்டாசுக் கிடங்கில் தீப்பிடித்துப் பதினான்குக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் தர்மபுரி உள்ளிட்ட நம் பக்கத்து மாவட்டப் பிள்ளைகள், பலர் தீபாவளிச் செலவுக்காக வேலைக்குப் போன மாணவர்கள். சம்பவ இடம் கர்நாடகம், எனவே வழக்கும் அரசு வழக்கறிஞரும் கர்நாடகத்தவர். அதற்கு இரண்டு மாதம் முன்பு கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கடை வெடித்து ஒன்பது பேர் செத்தபோது எல்லாம் இந்தப் பக்கம். 2021 ஜனவரியில் ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு நகைக்கடன் கிளையில் துப்பாக்கி முனையில் 25 கிலோ தங்கம் போனது. ஆட்கள் மறுநாளே ஐதராபாத் பக்கம் சிக்கினார்கள். பிடித்தது தெலங்கானா போலீஸ், நிரூபிக்க வேண்டியது தமிழ்நாட்டு அரசுத் தரப்பு.

அமெரிக்காவில் இதற்கு வேறு ஏற்பாடு. 1919-இலேயே டயர் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, திருட்டுக் கார் மாநில எல்லையைத் தாண்டினால் அது மத்திய அரசுக் குற்றம் என்று ஆக்கிவிட்டார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் திருடிய பைக்கை ஓசூரில் விற்றால், அந்தக் கணக்கில் மத்திய அரசின் வழக்கறிஞர் வருவார். நம் சட்டமோ, திருடிய இடத்திலும் விசாரிக்கலாம், பொருள் பிடிபட்ட இடத்திலும் விசாரிக்கலாம் என்று விட்டுவிட்டது. அங்கே மத்திய அரசின் வழக்கறிஞர்களுக்கு 93 தலைவர்கள், ஜனாதிபதி நியமித்து செனட் ஒப்புதல் தர வேண்டும். அவர்களுக்குக் கீழே ஆயிரக்கணக்கில் உதவி வழக்கறிஞர்கள். இலங்கைத் தமிழர் ராஜ் ராஜரத்தினத்தைப் பங்குச் சந்தை வழக்கில் 2011-இல் பதினோரு ஆண்டுச் சிறைக்கு அனுப்பியது அப்படிப்பட்ட ஓர் அலுவலகம். அதன் தலைவர் பஞ்சாபில் பிறந்த பிரீத் பராரா. அவ்வளவு பெயரெடுத்தவரையும் 2017 மார்ச்சில் ராஜினாமா செய்யச் சொன்னார்கள், மறுத்தார், மறுநாள் நீக்கிவிட்டார்கள். நீக்கும் அதிகாரம் எங்கேயும் ஒன்றுபோலத்தான் வேலை செய்கிறது.

இந்தியாவில் அதற்கு நெருங்கியவர்கள் சிபிஐ வழக்கறிஞர்கள். யு.பி.எஸ்.சி. மூலம் தேர்வாகி, உதவி வழக்கறிஞராக நுழைந்து, படிப்படியாகச் சட்ட ஆலோசகர் வரை போகலாம். என்ஐஏ-வுக்கும் அமலாக்கத் துறைக்கும் தனித் தனிச் சட்டங்களின்படி சிறப்பு வழக்கறிஞர்கள் உண்டு. ஆனால் மாநிலம் சம்மதிக்காமல் சிபிஐ தானாக வழக்கெடுக்க முடியாது. தமிழ்நாடு அந்தப் பொதுச் சம்மதத்தை 2023 ஜூன் மாதம் திரும்பப் பெற்றது, கர்நாடகம் 2024 செப்டம்பரில். ஆக ஜுஜுவாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இப்போது கதவு சாத்தியிருக்கிறது.

மத்திய அரசின் வழக்கறிஞர் என்றாலே பெரிய கை என்று நினைப்பவர்களுக்கு 2ஜி அலைக்கற்றை வழக்கை நினைவூட்டலாம். 2011-இல் உச்ச நீதிமன்றமே தேர்ந்தெடுத்து யு.யு. லலித்தைச் சிறப்பு வழக்கறிஞராக்கியது. 2014-இல் அவர் வழக்கறிஞர் தொழிலிலிருந்து நேரே உச்ச நீதிமன்ற நீதிபதியாகி, 2022-இல் தலைமை நீதிபதியும் ஆனார். அரசு வழக்கறிஞர் நாற்காலி எவ்வளவு உயரம் கொண்டுபோகும் என்பதற்கு அது ஓர் உதாரணம். அவர் விட்டுப்போன வழக்கு என்ன ஆனது? 2017 டிசம்பர் 21 அன்று ஆ. ராசா, கனிமொழி உட்பட எல்லோரையும் விடுவித்த நீதிபதி ஓ.பி. சைனி, உற்சாகமாகத் தொடங்கிய அரசுத் தரப்பு போகப் போகத் திசை தெரியாமல் தயங்கி நின்றது என்று எழுதினார். மனுக்களிலும் பதில்களிலும் கையெழுத்துப் போட மூத்தவர்கள் யாரும் முன்வராமல், நீதிமன்றத்தில் நின்ற ஓர் இன்ஸ்பெக்டர் போட வேண்டியிருந்ததாம்.

அரசுத் தரப்பில் யார் நிற்பது என்றதும் ஜெயலலிதா வழக்குக்காக மறுபடி பெங்களூர் போக வேண்டும். ஆச்சார்யாவுக்குப் பிறகு 2013 பிப்ரவரியில் பவானி சிங் வந்தார். அதே ஆண்டு கர்நாடகத்தில் காங்கிரஸ் ஆட்சி வந்ததும் ஆகஸ்டில் அவர் நியமனத்தை அரசு திரும்பப் பெற்றது. அவரை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் போனவர் யார் தெரியுமா? குற்றம் சாட்டப்பட்ட ஜெயலலிதா. தன்னைச் சிறைக்கு அனுப்ப வாதாட வேண்டியவரே நீடிக்க வேண்டும் என்று குற்றவாளிக் கூண்டிலிருந்து ஒரு மனு! செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்று நீக்கத்தை ரத்து செய்தது. சட்டப்படி பார்த்தால் தீர்ப்பு பிசகல்ல. தலைமை நீதிபதியைக் கலந்து நியமித்தவரைக் கலக்காமல் நீக்கியது தவறுதான். 2014 மார்ச்சில் உடல்நலம் சொல்லி அவர் வாய்தா கேட்டபோது நீதிபதி டி'குன்ஹா அவருடைய ஒரு நாள் கட்டணத்தையே அபராதமாக விதித்ததும் பதிவில் இருக்கிறது. ஆனாலும் செப்டம்பரில் வந்த தண்டனை, அவர் அரசு வழக்கறிஞராக நின்ற வழக்கில் வந்ததுதான். ஆளை எளிதாக எடைபோட முடியாது.

மேல்முறையீட்டில் குழப்பம் முற்றியது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்புக்கு வாதாடத் தமிழ்நாட்டு அரசு அதே பவானி சிங்கை நியமித்தது. தண்டனை பெற்றவரின் கட்சி ஆளும் அரசு, அந்தத் தண்டனையைக் காப்பாற்ற வேண்டிய வழக்கறிஞரை நியமித்தது என்பதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அன்பழகன் மறுபடியும் டெல்லி போனார். 2015 ஏப்ரல் 15 அன்று நீதிபதிகள் மதன் லோகுரும் ஆர். பானுமதியும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். ஏப்ரல் 27 அன்று தீபக் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வு, தமிழ்நாட்டுக்கு அந்த அதிகாரமே இல்லை என்றது. வழக்கு எந்த மாநிலத்துக்குப் போனதோ அந்த மாநிலமே வழக்கறிஞரை நியமிக்க வேண்டும். அதற்குள் வாதங்கள் முடிந்துவிட்டிருந்தன. மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டாம், கர்நாடகம் எழுத்து வடிவில் வாதத்தைக் கொடுக்கலாம் என்று ஒரே ஒரு நாள் அவகாசம் கிடைத்தது. திரும்ப அழைக்கப்பட்ட ஆச்சார்யா ஏப்ரல் 28 அன்று 18 பக்கங்கள் தாக்கல் செய்தார்.

மே 11 அன்று நீதிபதி சி.ஆர். குமாரசாமி எல்லோரையும் விடுவித்தார். வருமானத்துக்கு மீறிய சொத்து வெறும் 8.12 சதவீதம், பத்து சதவீதத்துக்குள் இருந்தால் குற்றமாகக் கொள்ள வேண்டாம் என்பது கணக்கு. தீர்ப்பை வாசித்து முடித்த கையோடு ஒரு கூட்டல் பிழை வெளியே வந்தது. பத்துக் கடன்களின் கூட்டுத்தொகை 24 கோடி 17 லட்சம் என்று தீர்ப்பில் இருந்தது. பட்டியலில் உள்ளதை அப்படியே கூட்டினால் 10 கோடி 67 லட்சம்தான் வருகிறது. பதின்மூன்றரைக் கோடி ரூபாய் கூட்டலில் பிறந்திருந்தது. ஆச்சார்யா அதைப் பகிரங்கமாகச் சுட்டிக்காட்டினார், மேல்முறையீடு செய்யலாம் என்று கர்நாடக அரசுக்குக் கருத்துச் சொன்னார். கர்நாடகத்துக்கு இதில் லாபம் என்ன? பக்கத்து மாநில முதல்வரின் பகை, சட்டச் செலவு, காவிரிப் பிரச்சினைக்கு நடுவில் இன்னொரு தலைவலி. அந்த அரசு மேல்முறையீடு செய்தது. 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா காலமானதால் அவர் மீதான வழக்கு அற்றுப்போனது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பை மீட்டது. அவரோடு தண்டிக்கப்பட்டிருந்த சசிகலா, இளவரசி, சுதாகரன் மறுநாள் பரப்பன அக்ரஹாரத்தில் சரணடைந்தார்கள். வழக்கில் கைப்பற்றிய நகைகள் பெங்களூர் நீதிமன்றத்திலிருந்து தமிழ்நாட்டு அதிகாரிகள் கைக்கு வந்தது 2025 பிப்ரவரியில்.

இந்த நீண்ட கதையில் அரசுத் தரப்பு நிமிர்ந்து நின்ற இடங்களை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வழக்கறிஞரை நியமித்தவருக்கு அந்த வழக்கின் முடிவால் ஆதாயம் இல்லை, அல்லது நியமனத்தில் தலைமை நீதிபதியின் கலந்தாலோசனை இருந்தது. பெரிதாகச் சறுக்கிய இடங்களில் இரண்டும் இல்லை. தனி மனிதரின் துணிச்சல் தேவைதான், ஆச்சார்யா அதைக் காட்டினார். ஆனால் ஓசூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் ஏ.பி.பி. ஒவ்வொரு நாளும் ஆச்சார்யாவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஏற்பாடு ஆகாது. யார் நியமிக்கிறார், யாரைக் கேட்டு நியமிக்கிறார், யார் நீக்க முடியும் என்ற மூன்று கேள்விகளில்தான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு இருக்கிறது.

அந்தக் கண்ணோடு புதிய சட்டத்தைப் படிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் 20-ஆம் பிரிவு அரசு வழக்கு நடத்தும் இயக்ககத்தை மாவட்டம் வரை கொண்டுவருகிறது. பதினைந்து ஆண்டு வழக்கறிஞராக இருந்தவர், அல்லது செஷன்ஸ் நீதிபதியாக இருப்பவரோ இருந்தவரோ இயக்குநர் ஆகலாம். பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள வழக்குகளை இயக்குநர் கண்காணிப்பார், ஏழு முதல் பத்து வரை துணை இயக்குநர், அதற்குக் கீழே உதவி இயக்குநர். இந்த அவையில் உட்கார்ந்திருக்கும் இளையவர்களுக்கு இதில் புதிய படிகள் உண்டு, விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். பழைய சட்டத்தின் 25-ஏ பிரிவையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 2005-இல் சேர்த்த அந்தப் பிரிவில், இயக்குநரை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் ஒப்புதலோடுதான் அரசு நியமிக்க வேண்டும் என்று இருந்தது. புதிய பிரிவில் அந்த ஒப்புதல் இல்லை. அன்று 2003-இல் உச்ச நீதிமன்றம் பெங்களூருக்கு எழுதியனுப்பிய உத்தரவில், தலைமை நீதிபதியைக் கலந்து என்று சேர்த்திருந்த அதே வகைப் பாதுகாப்புதான் அந்த ஒப்புதல். இதைத் திருத்தக் கேட்கும் உரிமை மாநிலங்களுக்கும் உண்டு, வழக்கறிஞர் சங்கங்களுக்கும் உண்டு. அட்டிபெலேவுக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் அந்தக் கோரிக்கை சேர்ந்தே போகலாம்.